கடைசியில் நடப்பவருக்குப் பின்னால் யார்? மலையேற்றக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்ற வார இறுதிக் குடில் பயணம் பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். பயணம் இனிதே நிறைவுற்றது என்கிறீர்கள். போதிய உடல்தகுதி இல்லாதவர்கள் இனிப் பெயர் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

அன்று மாலை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வேகமாக நடப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே குடிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்தங்கிய நாங்கள், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், கொட்டும் மழையில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றோம். வழி தெரிந்தவர் ஒருவர்கூட எங்களோடு இல்லை. வரைபடம் பொறுப்பாளரிடம் இருந்தது. பொறுப்பாளர் குடிலில் இருந்தார்.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். இனி எந்தப் பயணத்திலும், கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் வழி தெரிந்த ஒரு பொறுப்பாளர் நடக்க வேண்டும்.

எங்களோடு நின்றவர்களில் ஒருவர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். மழைச்சட்டைக்குள் தண்ணீர் இறங்கி உள்ளாடை வரை நனைந்திருந்தார். முதலில் பல் கிட்டும் அளவுக்கு நடுங்கினார். பிறகு பையின் ஜிப்பைத் திறக்க முயன்றார், விரல்கள் கேட்கவில்லை. பேச்சு குழறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "இப்ப குளிரவே இல்லை, நீங்க போங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார். முதலுதவிப் பயிற்சி பெற்ற எவரும் அந்தச் சொற்களைக் கேட்டால் பதறிப்போவார்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடும். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோவது அதைவிட மோசமான கட்டத்தின் அறிகுறி. அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் போதும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போட்டு, அவரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைத்து, தரையின் ஈரம் ஏறாமல் பைகளைக் கீழே பரப்பினோம். குடிக்கச் சூடாக ஏதாவது கொடுத்திருக்கலாம். ஆனால் குழுவுக்கான பாத்திரங்களை அந்தப் புதியவர் பையில் ஏற்றியிருந்தீர்கள். அடுப்பும் எரிவாயுவும் முன்னால் போனவர் பையில் இருந்தன. எல்லோருக்கும் சமைக்கப் பாத்திரம் சுமந்து வந்தவருக்கு ஒரு மிடறு வெந்நீர் காய்ச்ச வழியில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் ஆறவில்லை.

அவர் தப்பினார். நாங்கள் ஒருவழியாகக் குடிலை அடைந்தபோது அங்கிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நேரம்?"

1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் பீடபூமியில் நடந்தது மலையேறுபவர்கள் பலரும் அறிந்ததே. அதுவும் வார இறுதிப் பயணம்தான், அதுவும் குடிலை நோக்கித்தான். எடின்பரோ பள்ளி மாணவர்களில் வேகமாக நடப்பவர்கள் தலைமைப் பயிற்றுநரோடு முன்னால் போய்க் குடிலை அடைந்தார்கள். மெதுவாக நடப்பவர்கள் அனுபவம் குறைந்த இளம் பொறுப்பாளர்களோடு பின்னால் வந்து, பனிப்புயலில் வெளியே சிக்கினார்கள். 5 மாணவர்களும் 18 வயது உதவிப் பயிற்றுநர் ஒருவரும் இறந்தார்கள். அங்கே பின்னால் வந்தவர்களோடு இளம் பொறுப்பாளர்களாவது இருந்தார்கள். எங்களோடு யாருமே இல்லை.

உடல்தகுதி பற்றிப் பேசுகிறீர்கள். உங்கள் அறிவிப்பு என்ன சொன்னது? 10 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம், மூன்றரை மணி நேரம். இது 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. நல்ல உடற்கட்டோடு இருப்பவர், சாதாரணப் பாதையில், நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. இரண்டு நாள் சுமையையும் மழையையும் வழுக்குப் பாறையையும் ஓய்வையும் அதில் சேர்க்காமல், மதியத்துக்குப் பிறகு எங்களைக் கிளப்பிவிட்டு, இருட்டியதற்கு மெதுவாக நடந்தவர்களைக் குற்றம் சொல்வது நியாயமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். யார் முதலில் குடிலைத் தொட்டது என்பதுதான் கொஞ்ச காலமாகவே நம் குழுவில் பேச்சு. படத்தில் இருப்பவர்களும் அவர்களே, பாராட்டு பெறுபவர்களும் அவர்களே. "புதியவர்களும் வரலாம்" என்று அழைத்துப் பணம் வாங்கிப் பெயர் சேர்க்கிறோம். மலையில் கால் வைத்ததும் அவர்கள் சுமையாகிவிடுகிறார்கள். நார்வேயின் மலை விதிகளில் எட்டாவது, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. திரும்பலாமா என்று நாங்கள் யாரைக் கேட்டிருப்போம்? முடிவெடுக்க வேண்டியவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தார்.

கோபம் சற்று மேலே வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் சம்பளமின்றி, சொந்த நேரத்தைச் செலவழித்து இந்தப் பயணங்களை நடத்துகிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் விலகாமல் எழுதுகிறேன். சுற்றறிக்கையில் உள்ள அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் புதிய உறுப்பினரிடம் நேரில் போய் நலம் விசாரியுங்கள்.

அடுத்த பயண அறிவிப்பில் தலைமைப் பொறுப்பாளர் பெயருக்குப் பக்கத்தில், கடைசியில் நடக்கப்போகும் பொறுப்பாளர் பெயரும் இருக்கட்டும். வரைபடம், விசில், அடுப்பு, முதலுதவிப் பை இவை அவரிடமும் ஒரு தொகுதி இருக்கட்டும். "இன்று போதும், திரும்புவோம்" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னால் போனவர்கள் நின்று, பின்னால் வருபவர்களைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

கடைசியில் நடக்க ஆள் கிடைக்காது என்று நீங்கள் சொல்லக்கூடும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான பயிற்சியை மட்டும் ஏற்பாடு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்னால் வந்தவர்களில் ஒருவர்