மாரிக் கடலும் ஒரு கொடுவாவும்

திருகோணமலை
12.12.2024

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் மழை. பெங்கல் புயல் என்று பிறகு பெயர் வைத்தார்களே, அது நவம்பர் கடைசியில் எங்கள் கரையை ஒட்டி நாள்கணக்கில் ஊர்ந்து போனது. விரைவாகக் கடந்து போகிற புயல் கூரையைப் பிடுங்கும், ஆனால் தங்கி நின்று நகர்கிற இந்த மாதிரித் தாழமுக்கம்தான் வைத்திருக்கிற தண்ணீரை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டும். அது வடக்கே ஏறிப் புதுச்சேரிப் பக்கம் கரையைத் தொட்ட பிறகுதான் நாங்கள் வானத்தைப் பார்த்தோம். வீட்டில் எல்லோரும் சுகம். பின்வளவில் முழங்காலளவு தண்ணீர், கிணறு கலங்கிவிட்டது, அம்மா வைத்த முருங்கை சரிந்துவிட்டது, அவ்வளவுதான். மூதூர், கிண்ணியாப் பக்கத்து வயல்காரருக்குத்தான் பெரிய அடி.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் லீவு எடுத்துக்கொண்டு வந்தால் மீன் பிடிக்கலாமா, கம்பு, றீல் எல்லாம் அவுஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து கட்டிக்கொண்டு வரவா என்று கேட்டிருந்தாய். வா. ஆனால் போட்டில் போகிற எண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வா.

நீ போன பிறகு உனக்குப் பருவம் மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் சோழகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும், அதனால் கரைக்கடல் தட்டு மாதிரிக் கிடக்கும். துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுவதால் ஆழம் தேடி நெடுந்தூரம் ஓடவும் தேவையில்லை, அறுக்குளா மீனும் சூரையும் சில நாள் தளப்பத்தும் அப்போது போட்டுக்கு எட்டும். வடகிழக்கு வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வங்காள விரிகுடா முழுக்கத் திறந்து கிடக்க, காற்று நேரே எங்கள் கரையில் வந்து அடிக்கும். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று வானொலியில் தொடங்கினாலே இங்கே பெண்கள் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள், அது உனக்கும் ஞாபகம் இருக்கும். கடல் மட்டும் குளிர்வதில்லை. இந்த மாதத்திலும் தண்ணீர் 27 பாகை அளவில் இருக்கிறது, புயல் வளர 26.5 பாகை இருந்தால் போதுமாம், ஆகவே டிசம்பர் முடியும்வரை யாரும் நம்பி இருக்க முடியாது. 1964இல் அந்தப் பெரும் புயல் வந்ததும் டிசம்பரில்தான், ஐயா அதைச் சொல்லாத வருடம் இல்லை. பத்து வருடம் கழித்து 1974 நத்தார் விடியலில் உன் டார்வினை ட்ரேசிப் புயல் துடைத்துப் போட்டது என்று நீ எழுதியபோது, நீ அங்கே போயும் அதே மாதத்துக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறாய் என்று நினைத்தேன்.

இந்தமுறை நடந்ததைச் சொன்னால் உனக்கு விளங்கும். நவம்பர் 24, ஞாயிறு விடிய உப்புவெளிக் கரையில் நின்றேன். காற்று துளியும் இல்லை, தென்னோலை அசையவில்லை. ஆனால் அலை மட்டும் ஒழுங்காக, நீண்ட இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு எண்ணும்வரை காத்திருந்து வந்தது. அது பக்கத்துக் காற்றுக் கிளப்புகிற அலை இல்லை, எங்கோ தூரத்தில் கிளம்பி வருகிற பெருமடை. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய், வள்ளங்களைத் தென்னைக்கு மேலே இழுக்கச் சொன்னார். அறிவித்தல் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

அன்று காலை பாரை மீன் முழங்கால் தண்ணீருக்கு வந்து சூடைக் குறுமீனை விரட்டியது. ஒரு மணித்தியாலத்தில் நான்கு, பெரியது மூன்று கிலோ இருக்கும், எல்லாம் தண்ணீருக்கு மேலே ஓடுகிற லூர் என்கிற போலி இரைக்குத்தான். காற்றமுக்கம் இறங்கும்போது மீன் வெறி கொண்டு தின்னும் என்று இங்கே சொல்வார்கள், நீயும் எழுதியிருந்தாய். எனக்கு அதைவிட அலைதான் பெரிய காரணமாகப் படுகிறது. பெருமடை மணலைக் கிளப்புகிறது, சூடைக்கூட்டம் கரையோடு ஒடுங்குகிறது, பாரை அந்த மறைவைப் பயன்படுத்துகிறது. எப்படியோ, பத்து மணிக்குத் தெற்கே மேகம் கறுக்கத் தொடங்கியதும் மீன் கொத்திக்கொண்டிருக்கும்போதே சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லைதான்.

ஒக்டோபரில் ஒரு பாடம் படித்ததால்தான் வந்தேன். அது பருவம் மாறுகிற காலம், பின்னேரம் மூன்று மணிக்குமேல் இடி வரும் என்று தெரியும், தெரிந்தும் நிலாவெளிப் பக்கம் ஒரு பாறையில் நின்றேன். மழை இன்னும் வரவில்லை. திடீரென்று கையில் இருந்த கம்பு வண்டு மாதிரி ரீங்கரித்தது. நூல் காற்றில் தானாக மேலே எழும்பி நின்றது. காபன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்று படித்திருக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் படித்ததன் அர்த்தம் புரிந்தது. கம்பைப் போட்டுவிட்டுக் குனிந்தபடி பற்றைப் பக்கம் ஓடினேன். சில நிமிடத்தில் கடலில் கண் கூசும்படி ஒன்று விழுந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது முக்கியமான கதை. புயலுக்குப் பிறகுதான் எங்கள் மாரிக்கால மீன்பிடி தொடங்குகிறது. உங்கள் டார்வினில் வற்றுப் பெருக்கு எட்டு மீற்றர் வரை ஏறி இறங்கும் என்றாய், எங்களுக்கு ஒரு மீற்றரே கிடையாது. ஆனபடியால் களப்பு, அதாவது கடலோரக் காயல், கடலைச் சேர்கிற வாயில்களில் ஓட்டத்தை உண்டாக்குவது மழையும் புயலும்தான். காற்றமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும், அதோடு வாடை வேறு தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். புயல் பக்கத்தில் நிற்கும்வரை களப்பு நிறைந்து, வெளியேற வழியில்லாமல் வீங்கி நிற்கும். புயல் விலகிக் கடல் தணிந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே பாயும், மணலை மீன், இறால், குஞ்சு மீன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு. அந்த இரண்டு மூன்று நாளுக்காகத்தான் கொடுவா, நீங்கள் அங்கே பாரமுண்டி என்கிற மீன், வாயிலில் வந்து காத்து நிற்கிறது.

டிசம்பர் 4 பின்னேரம் இறக்கக்கண்டிப் பாலத்துக்குப் போனேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில், குச்சியும் சல்வீனியா நீர்க்களையும் சுமந்து ஓடியது. அதற்குள் எறிந்து பயனில்லை என்று நீ அறிவாய். கீழே இறங்கிக் கடல்முகம் வரைக்கும் நடந்தேன். அங்கே பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சந்திக்கிற கோடு கத்தியால் வெட்டினாற்போல் கிடந்தது, அதில் நுரையும் இலையும் வரிசை பிடித்திருந்தன. மழைத் தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும். மேலே கலங்கல், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே தெளிவு. (வாடைக்காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து இந்தியக் கரையோடு இறங்கி வருவதால் கங்கைத் தண்ணீரும் இதில் கொஞ்சம் கலந்திருக்குமாம். நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.) ஆகவே பாரமான கறுப்பு றப்பர் மீனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்து, அடி தொடவிட்டு, மெல்ல, மிக மெல்ல இழுத்தேன்.

முதல் இரண்டும் 58, 62 சென்ரிமீற்றர். பொழுது சாய்ந்த பிறகு வந்தது வேறு. கொத்தியது போலவே இல்லை, மரக்கட்டையில் மாட்டியது போல நின்றது, பிறகு தலையை உதறிக்கொண்டு முழு உடம்பும் வெளியே எழும்பியது. ரோர்ச் வெளிச்சத்தில் கண் தணல் மாதிரிச் சிவந்தது. போன வருடம் இதே இடத்தில் ஒரு பெரியதைப் பறிகொடுத்தேன், கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய மும்முள் தூண்டில் வெறும் கம்பி மாதிரி நிமிர்ந்து வந்தது, அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இந்தமுறை தடித்த ஒற்றை முள், 60 இறாத்தல் லீடர், முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நூல். இருபது நிமிடம் இருக்கும். கம்பில் போட்டிருக்கிற கோட்டில் வைத்துப் பார்த்தேன், 94.

தண்ணீரை விட்டு எடுக்கவில்லை. ஓட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்துக்கொண்டு, செவுள் நன்றாக அசையும்வரை நின்று, விட்டேன்.

பக்கத்தில் ஓர் இளைஞன் நின்றான். வெள்ளத்தில் வந்த மரங்கள் அவனது வலையை இழுத்துப் போய்விட்டன, பத்து நாளுக்கு மேல் தொழில் இல்லை. "ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்றான். கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டான். கொடுவா எல்லாம் முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும், இந்த அளவில் இருப்பது பெரும்பாலும் பெட்டைதான், மாரியில் இந்த வாயில்களுக்கு வருவதே சினை விடத்தான், ஒன்று இலட்சக்கணக்கில் முட்டை போடும் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் விட்டதை நாளைக்கு ஆரோ ஒருத்தன் வலையில பிடிப்பான், அப்ப என்ன செய்வியள்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற இரண்டையும் அவனிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனான்.

அன்று இரவு நித்திரை சரியாக வரவில்லை, மச்சான். எனக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம், அவனுக்குக் கடல் மட்டும்தான். பத்துக் கிலோ மீனை அவன் கண் முன்னால் விட்டது சரியா? நாங்கள் போத்தலில் தங்கூசி நூலைச் சுற்றி எறிந்த காலத்தில் அந்த வாயிலில் இந்த அளவு மீனை மாரிக்கு நாலைந்து பார்ப்போமே, இப்போது மூன்று வருடத்தில் இது எனக்கு இரண்டாவது. அதனால் அடுத்த தடவையும் விடுவேன். ஆனால் சின்னதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு பேசுவேன். உங்கள் பக்கம் 55 சென்ரிமீற்றருக்குக் கீழே வைத்திருக்கக்கூடாது என்றாய், குயின்ஸ்லாந்தில் 120க்கு மேலே போனாலும் விடவேண்டும் என்பதும் உண்மைதானே? அந்த மேல் எல்லையை அங்கே மீன்பிடிப்பவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள், தொழில் செய்பவர்களுக்கும் அது உண்டா, விரிவாக எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

வரும்போது பெரிய றீல் வேண்டாம், ஒரு நடுத்தரக் கம்பு போதும். நல்ல ஒற்றை முள் கொண்டுவா, இங்கே கிடைப்பதில் நம்பிக்கை இல்லை. லீடர் நூல் இரண்டு சுருள், கொடுவாவின் செவுள் மூடி சவரத்தகடு மாதிரி என்பது உனக்குத் தெரிந்ததுதான். புறாத்தீவுப் பக்கம் எறியலாம் என்று நினைக்காதே, அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. டச் பேயில் மாரிக்கு இறங்குவதே இல்லை, அந்த இழுவை உனக்கு ஞாபகம் இருக்கும். இடி கேட்டால் கம்பு கீழே, மறுபேச்சில்லை, நீ எத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்திருந்தாலும் சரி.

ஜனவரி 14 பொங்கலுக்கு வந்துவிடு. ஆனால் 29ஆம் திகதி தை அமாவாசை வரைக்கும் நிற்கிறமாதிரி ரிக்கற் போடு. அதற்குள் மழை குறைந்து வாயில்கள் தெளியத் தொடங்கும், இருட்டில் கொடுவா கரைக்கு நெருங்கும். இப்போது மறுபடி வடகிழக்கு கறுத்துக்கொண்டு வருகிறது, பின்வளவு வாய்க்காலைத் திறந்துவிடப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி