கேபிள் ஒயரையும் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரைக் கோடை மழையில் எங்கள் தெருக்கோடித் தென்னையில் இடி விழுந்தது. டிவி பிளக்கை முன்பே பிடுங்கி வைத்திருந்தேன். ஆனாலும் டிவிக்குள் இருக்கும் போர்டு கருகிவிட்டது. கேபிள் ஒயரைக் கழற்றவில்லையே! மின்னல் அந்த வழியாக வந்திருக்கிறது. 4,800 ரூபாய் போச்சு. பேத்தி கொலுசுக்கு எடுத்து வைத்த காசு.

பழுது பார்க்க வந்த தம்பி கேட்டார்: "எர்த் குழிக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க ஐயா?" வீடு கட்டிய 1998-இல்! கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி அது; மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாதாம். எர்த் சரியில்லாவிட்டால், திடீரென எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் மாட்டியும் பெரிய பலன் இல்லை. என் ஸ்டெபிலைசரும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத்தான். மின்னல் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

ஐப்பசி மழைக்கு முன் இதை உங்கள் நாளிதழில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற தபால்காரர், கடையநல்லூர்