சமாதானம் பேசி அனுப்பும் முன் சட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கணவன் அடித்தான் என்று பொலிஸுக்குப் போகும் பெண்ணிடம், ‘குடும்பப் பிரச்சினைதானே, பேசித் தீருங்கோ’ என்று கையெழுத்து வாங்கி, அதே வீட்டுக்கே திருப்பியனுப்புவது எங்கள் மாவட்டத்தில் இன்னும் நின்றபாடில்லை. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளைக்கு (அவன் அவளைத் துன்புறுத்தக்கூடாது என்று நீதிமன்று விதிக்கும் தடைக்கு) விண்ணப்பிக்கலாம். இதை அவளுக்குச் சொல்பவர்கள் குறைவு.

அவளாகவும் விண்ணப்பிக்கலாம். அவள் தங்கியிருக்கும் இடம், அவன் வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இதில் எதற்குரிய நீதிமன்றமானாலும் சரி. வெருகலில் அடிபட்டு நகரத்தில் அக்கா வீட்டில் இருப்பவள் திருகோணமலையிலேயே மனுக் கொடுக்கலாம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. முஸ்லிம்களின் திருமண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றில் வழக்கு நடந்தாலும் இது தனி வழி. மாமியார், மைத்துனர் மீதும் கேட்கலாம். அவசரமென்றால் உடனே இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்குள் விசாரணை, பிறகு 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை. மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். (இன்றைய விலைவாசியில் அந்தத் தண்டம் ஒருவரையும் பயமுறுத்தாது.)

வழக்குப் பெரும்பாலும் பிசகுவது வைத்தியசாலையில்தான். கணவன் பக்கத்தில் நிற்கையில், ‘கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டன்’ என்று சொல்லிவிடுகிறாள். அது அப்படியே பதிவாகிறது. பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியைத்தான் தூக்கிப் பிடிப்பார். ஆகவே கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசும்படி வைத்தியரைக் கேளுங்கள். வழக்குக்காகக் காயங்களைப் பரிசோதித்து அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள். கண்டல் காயம் அன்றைக்குத் தெளிவாகத் தெரியாது, ஓரிரு நாளில்தான் கறுக்கும். அப்போது இன்னொரு படம் எடுத்து வையுங்கள். பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பெரிய ஆதங்கம் வீடு பற்றியது. இந்தப் பக்கத்தில் பல வீடுகள் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தவை. அப்படியிருந்தும் நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியேறுவது அவள்தான். அவன் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றும், குடியிருக்கும் வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது என்றும் நீதவான் தடை விதிக்கலாம். ஆனால் மனுவில் கேட்காததைக் கட்டளையில் எதிர்பார்க்க முடியாது. ‘அடிக்க வேண்டாம் என்று சொன்னால் போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவனோடு ஒரே கூரையின் கீழ் கட்டளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். ஆலோசனைக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி 1938, ஆபத்தென்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். தட்டச்சுக்கும் பஸ்ஸுக்கும் காசு தேடியே பலர் இரண்டாம் தவணைக்கு வராமல் விடுகிறார்கள்.

இப்படிக்கு,
பெண்கள் நலக் களப்பணியாளர்கள் சிலர்,
திருகோணமலை.