எந்தக் காதில் வைத்துப் பேசுகிறாய்?

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாகப் பிற்பகல்தோறும் மழை. அம்மா நன்றாக இருக்கிறாள். முருங்கை இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது. உன் சின்னம்மா மகன் திருமணத்துக்குத் தையில் நாள் பார்த்திருக்கிறார்கள். அதை அம்மாவே உன்னிடம் சொல்லியிருப்பாள்.

வேலைக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்க இன்னமும் விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில்தான் புறப்படுகிறாயா? ஜோகூர் பக்கமும் கனத்த மழை என்று வானொலியில் சொன்னார்கள். மாப்பிள்ளை பேருந்தில்தானே போகிறார், நீயும் கொஞ்ச நாளைக்கு அவரோடு போனால் என்ன என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், "எனக்கு ஒன்றும் இல்லப்பா" என்றாய். உனக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. பேருந்தில் போகலாமே என்றுதான் கேட்டேன். நான் கேட்காத கேள்விக்கு நீ பதில் சொன்னதால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்த நான்கு நாளில் நான் கண்டதைச் சொல்கிறேன். நீ முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது உன் மாமியார் அழைத்தார். மாவு படாத இடக்கையால் கைப்பேசியை எடுத்து இடக்காதில் வைத்தவள், இரண்டு சொல் பேசுவதற்குள் மாவு அப்பியிருந்த வலக்கைக்கு மாற்றி, வலக்காதில் வைத்துக்கொண்டாய். அம்மா சமையலறைக்குள்ளிருந்து கூப்பிட்டால் உடனே திரும்பினாய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பேசினால் "என்னப்பா?" என்றாய். என் குரல் கனத்த குரல். உள்காதில் நீர் மிகும் நோயில் பெரும்பாலும் முதலில் மங்குவது இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலிகள்தாம். இரண்டாம் நாள் இரவு, "எங்கேயாவது ஜெனரேட்டர் ஓடுகிறதாப்பா?" என்று கேட்டாய். நம் தெருவில் யாரிடமும் ஜெனரேட்டர் இல்லை, அன்று மின்சாரமும் போகவில்லை. மூன்றாம் நாள் தலைவலி என்று சொல்லிக் கோவிலுக்கு வராமல் படுத்துவிட்டாய். நான் தேநீர் கொண்டுவந்தபோது கண்ணை இறுக்க மூடி, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். தலைவலி வந்தவர்கள் நெற்றியைப் பிடிப்பார்கள் பாப்பா. கட்டிலைப் பிடித்த ஒருத்தியை நான் ஆறு ஆண்டு பார்த்திருக்கிறேன்.

அப்போதே கேட்டிருக்கலாம். பேரன் பக்கத்தில் இருந்தான், மாப்பிள்ளை வாசலில் இருந்தார், நீயும் தேநீரை வைத்துவிட்டுப் போங்கள் என்று கையால் காட்டினாய். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முப்பத்து நான்கு ஆண்டு ரப்பர்த் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான் என்பதால் நோயைப் பற்றி நான் பேசினாலே உனக்குச் சலிப்பு வரும். இருந்தாலும் படி. காதின் உள்ளே, எலும்புக்குள் புதைந்து, மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று திசைக்கு நிற்கின்றன. அவற்றுக்குள் நீர் இருக்கிறது. ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மர நிரைக்குள் நடக்கிறவர் சட்டென்று திரும்பினால் வாளி திரும்பிவிடும், உள்ளே இருக்கிற பால் ஒரு கணம் பின்தங்கும் அல்லவா? அந்தப் பின்தங்கலைத்தான் குழாயின் அடியில் இருக்கிற மெல்லிய மயிரணுக்கள் உணர்ந்து, தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று மூளைக்குச் சொல்கின்றன. வலக்காது ஒன்றும் இடக்காது இன்னொன்றுமாகச் சொன்னால், அசையாமல் படுத்திருப்பவருக்கும் வீடே சுழலும்.

அம்மாவுக்கு வந்ததும் காதில்தான், ஆனால் அது வேறு. குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு பையில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈப்போவுக்குப் போகிற வழியில் சிம்மோர் பக்கம் வெள்ளையாக நிற்கின்றனவே குன்றுகள், அவையும் இவையும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அந்தப் படிகங்கள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் தலை சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். கேட்கும் திறன் குறையாது, இரைச்சலும் வராது. உனக்கோ அரை நாள் நீடித்தது, காது மங்குகிறது, உள்ளே ஏதோ ஓடுகிறது. காது அடைத்தாற்போலவும் இருக்குமே, இருக்கிறதா? உள்காதில் நீர் மிகும் அந்த நோய்க்கு மெனியர் நோய் என்று பெயர். சுழற்சி 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும், போகும், மறுபடி வரும். நான் சொல்வதுதான் முடிவு என்று நினைத்துவிடாதே. ஒற்றைத் தலைவலியும் இதே வேடத்தில் வருவதுண்டு. அதற்குத்தான் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார் என்கிறேன். ஒரு காது மட்டும் மங்கினால் செவி நரம்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம், அதைச் சொன்னவுடன் பயந்துவிடாதே.

முதலில் மோட்டார் சைக்கிளை நிறுத்து. மெனியரில் சுழற்சி முன்னறிவிப்பு இல்லாமல் வரலாம். உன் முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் நெருங்கி ஓடுகிற பாலத்தில், இருட்டில், மழையில், அது வந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத மாட்டேன்.

மாத்திரையை நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. கைப்பேசியில் காட்டுகிற பயிற்சிகளைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டும் இராதே, அது அம்மாவுக்கு வந்த படிக நோய்க்கு உரியது. உப்பைக் குறை. மேகி, கிச்சாப்பு, நெத்திலிச் சம்பல் எல்லாம் உப்புதான். நான் இந்த மாதம் அனுப்பிய கருவாட்டையும் தொடாதே. உன் உடம்பு இப்படி இருக்கும் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே அதைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன், பார். சுழற்சி வந்தால் அப்படியே கீழே படுத்து, கண்ணை மூடாமல் அசையாத ஒரு பொருளின் மேல் பார்வையை நிறுத்து. ஒரு காது திடீரென்று ஒரேயடியாகக் கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ. ஸ்டீராய்டு மருந்து நாள் தவறினால் பயன் குறைந்துவிடும். பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அது காதின் வேலை அன்று, பக்கவாதமாக இருக்கலாம். வீட்டில் என்றால் 999-ஐ, சிங்கப்பூரில் என்றால் 995-ஐ அழைக்கச் சொல். மோட்டார் சைக்கிளை நிறுத்து.

நம் தோட்டத்திலிருந்து டிப்ளோமா முடித்த முதல் பெண் நீ. தொழிற்சாலையில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னபோது, அதைக் காப்பிக் கடையில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவள் தன் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள் என்றால், யாரிடமிருந்து இதைக் கற்றாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. முதலில் உன் மேல் வந்தது.

2008-ஆம் ஆண்டு உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துப் பார். அம்மாவுக்கு அதற்கு நான்கு ஆண்டு முன்பே தலைசுற்றல் தொடங்கிவிட்டது. அவளைச் சோதிக்க நான் யாரிடமும் அழைத்துப் போகவில்லை. டிரெஸ்ஸரின் மனைவிக்கு இன்னொருவர் வைத்தியம் பார்ப்பதா என்ற எண்ணம் எனக்கு. இரத்தக் குறைவு என்றேன், பித்தம் என்றேன், கடைசியில் வேலைக்குச் சோம்பல் என்றும் ஒரு நாள் சொன்னேன். சுழற்சியை அமுக்குகிற மாத்திரையை என் அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு மூன்று நாளைக்குத்தான் கொடுக்க வேண்டும். நீண்ட நாள் கொடுத்தால், தடுமாற்றத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள முயல்கிற மூளையை அது தூங்க வைத்துவிடும். அவளுக்கு நான் ஆண்டுக்கணக்காகக் கொடுத்தேன். எனக்குக் காதைப் பற்றித் தெரியாமலும் இல்லை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு இருட்டில் வரும்போது கள் குடித்தவர் போலத் தள்ளாடியதை என் வேலையின் தொடக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த மருந்து உள்காதைக் கெடுக்கும் என்று பெரிய டாக்டர் அப்போதே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

உன் மாமியார் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மேல்தட்டிலிருந்த நல்ல கிளாசுகளை எடுக்க அண்ணாந்தாள், அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள். ஆறு கிளாசும் உடைந்தன. உள்ளே ஓடிய நான் அவளைத் தூக்குவதற்கு முன்னால் சொன்ன முதல் வார்த்தை, "வெளியே சொல்லிவிடாதே, வலிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்." கூடத்துக்கு வந்து, காலையிலிருந்து விரதம், அதனால் மயக்கம் என்றேன். நீ அறைக்குள் புடவை கட்டிக்கொண்டு நின்று அதைக் கேட்டாய். பிறகு உன் மாமியார் உள்ளே வந்து உன்னிடம் கேட்டபோது, "ஆமாம், அம்மா விரதம்" என்று நீயும் சொன்னாய். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் நான். அந்த வீட்டுக்கே நீ மருமகளாகப் போனாய். உன் காதைப் பற்றி அவர்களிடம் எப்படிச் சொல்வாய்?

பாரிசில் மெனியர் என்ற மருத்துவர், இப்படிச் சுழன்று விழுகிறவர்களுக்குக் கோளாறு மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்று 1861-லேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் எப்ளி என்ற மருத்துவர், குழாய்க்குள் விழுந்த படிகத்தைத் தலையைத் திருப்பியே வெளியே கொண்டுவரும் முறையை 1992-இல் எழுதி வெளியிட்டார். அதற்கெல்லாம் பிறகும் என் வீட்டில் அது விரதமாக இருந்தது.

2010-இல், குளியலறையில் விழுந்து அவள் மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகுதான் ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போட வந்த இடத்தில் ஓர் இளம் மருத்துவர், "எப்படி அம்மா விழுந்தீர்கள்?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவர் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்தபடியே சட்டென்று படுக்க வைத்தார். "ஐயா, கண்ணைப் பாருங்கள்" என்றார். குனிந்து பார்த்தேன். கருவிழி இரண்டும் துடித்துத் துடித்துச் சுழன்றன. அரை நிமிடம் இருக்கும், நின்றன. தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், சற்றுப் பொறுத்தார், உடம்போடு ஒருக்களித்துத் தரையைப் பார்க்க வைத்தார், பொறுத்தார், எழுப்பி உட்கார வைத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் எந்தப் பக்கமும் புரண்டு படுத்தாள். ஆறு ஆண்டு அவள் கண்ணை ஒரு முறை நான் குனிந்து பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை, பாப்பா. இன்றைக்கும் முருங்கைக்காய் பறிக்க அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை, என்னைக் கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம் போகிறேன்.

உன் நோய்க்கு அப்படி ஐந்து நிமிடத்தில் தீர்வு கிடையாது. உப்புக் கட்டுப்பாடு, மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் காதுக்குள் போடுகிற ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லச் சுழற்சி தணிகிறது. காது மங்கல் தங்கிவிட்டால் கருவி வைத்துக்கொள்ளலாம். வேலையை விட வேண்டியதில்லை. ஏணி ஏறுவதையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்பதையும் தவிர்த்துக்கொள், மேலாளரிடம் சொல். சொன்னால் சிறுமையாக நினைப்பார்கள் என்று எண்ணாதே. உன் மாமியாரிடம் அந்த விரதக் கதையை நானே சொல்கிறேன், அது நான் அவருக்குப் பட்ட கடன்.

வெள்ளிக்கிழமை இரவு விரைவுப் பேருந்தில் புறப்படுகிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் ஜோகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்குவேன். அம்மா முருங்கைக்காயும் கீரையும் கட்டித் தருகிறாள், உப்பில்லாத சாமான்தான். என்னை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்துவிடாதே. மாப்பிள்ளையை அனுப்பு. ஏன் நீ வரவில்லை என்று அவர் கேட்பார். அவரிடம் உள்ளதைச் சொல்லியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா