வெட்டின மாடு திரும்பி வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார், கொம்பியூட்டர் விளையாட்டுகளில் பிள்ளைகள் மிருகங்களை வெட்டுகிறார்கள், வெட்டின மிருகம் அடுத்த நிமிடமே திரும்ப முளைத்து வந்து நிற்கிறது, இப்படி விளையாடி வளரும் பிள்ளைக்கு உயிரின் பெறுமதி எங்கே தெரியப்போகிறது என்று. மைன்கிராப்ட் என்ற விளையாட்டின் பெயரையும் போட்டிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் மணிக்கணக்காகத் திரைக்கு முன்னால் குந்தியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது நூறு வீதம் சரி, என் வீட்டிலும் அந்தச் சண்டை நாளாந்தம் நடக்கிறது. ஆனால் மாடு முளைக்கிற கதை மட்டும் தலைகீழ். அந்த விளையாட்டில் சொம்பி என்கிற நடைபிணம் செத்தால் திரும்ப வரும், விளையாடுகிற பிள்ளை உள்ளே செத்தாலும் கட்டிலில் இருந்து எழும்பி வரும், செத்த மாடுதான் வராது.

எனக்கு வயது 68. இணுவிலில் பத்துப் பன்னிரண்டு ஆடும் ஒரு பசுவும் வைத்திருக்கிறேன், கொம்பியூட்டரைத் திறக்கவும் மூடவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மகளின் மகனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துத் தெரிந்ததுதான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. ரொறன்ரோவில் இருக்கிற என் மகனின் பெடியனும் இவனும் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து விளையாடுகிறார்கள், இங்கே விடியும்போது அங்கே இரவு, அதனால் ஒருவன் நித்திரையாக இருக்கும்போது மற்றவன் உள்ளே இருப்பான். எங்கள் காலத்தில் தோட்டத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் கட்டினது போல.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் சட்டையும் மாற்றாமல் விளையாட்டைத் திறந்தான், திறந்த கையோடு "அம்மப்பா!" என்று ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் வேலி அடைத்த பட்டி வெறுமையாகக் கிடக்கிறது. முப்பது மாட்டுக்கு மேல் நின்ற இடம். உடனே வாட்ஸ்அப்பில் எடுத்தான். அங்கே விடியப்புறம், பாவம் அந்தப் பெடியன் பாதி நித்திரையில்.

"டேய் மச்சான், மாடெல்லாம் எங்கயடா?"

"தோல் தேவைப்பட்டுது, வெட்டிட்டன். திரும்ப வரும்தானே."

"வராதடா!"

எதற்குத் தோல் என்று கேட்டேன். புத்தகம் செய்யவாம். வாளுக்கும் மண்வெட்டிக்கும் சக்தி ஏற்றுகிற ஒரு மந்திர மேசை இருக்கிறது, அதைச் சுற்றி 15 புத்தகத் தட்டு வைத்தால்தான் முழுச் சக்தியும் வரும், ஒரு தட்டுக்கு 3 புத்தகம், ஒரு புத்தகத்துக்கு ஒரு தோல். ஆக 45 தோல். ஒரு மாட்டை வெட்டினால் சில வேளை இரண்டு தோல் விழும், சில வேளை ஒன்று, சில வேளை ஒன்றும் விழாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் பட்டி ஏன் வெறுமையானது என்று உங்களுக்கே விளங்கும். புத்தகத்துக்காக மாடு வெட்டின கதையை நான் அன்றுதான் முதல் தடவை கேள்விப்பட்டேன்.

சரி, ஏன் திரும்ப வராது? இதைத்தான் அந்த வாசகர் வாசிக்க வேண்டும். பேரன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் சதுரம் சதுரமாகக் கீறி எனக்கு விளக்கினான். அங்கே நிலம் முழுதும் சதுரக் கட்டைகளை அடுக்கினது போலத்தான், அந்த உலகம் 16க்கு 16 கட்டை அளவான துண்டுகளாகத்தான் உண்டாகிறது, விளையாடுகிறவன் நடந்து போகப் போகப் புதுத் துண்டு உண்டாகும். ஒரு துண்டு முதன்முதலில் உண்டாகும்போதே, புல்தரையாக இருந்தால், அதில் சில வேளை ஒரு மந்தையை வைத்துவிடும், மாடோ செம்மறியோ பன்றியோ கோழியோ. பெரும்பாலான மிருகங்கள் இப்படித்தான் வருகின்றன. அதற்குப் பிறகு வருகிறது மிகக் குறைவு. விளையாடுகிறவனைச் சுற்றி 17க்கு 17 துண்டு, அதாவது 289 துண்டுப் பரப்பில், இந்தச் சாது மிருகங்கள் எல்லாம் சேர்த்துப் பத்துக்குக் குறைவாக இருந்தால்தான் புதிதாக ஒன்றை விடலாமா என்றே அது யோசிக்கும், அந்த யோசனையும் 20 விநாடிக்கு ஒருக்கால்தான். யோசித்தாலும் விழுகிற இடம் புல்லாக இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஆள் நிற்கிற இடத்துக்கு 24 கட்டைக்குள் இருக்கக் கூடாது.

சொம்பி, எலும்புக்கூடு போன்ற பொல்லாததுகளுக்கு இதே பரப்பில் 70 வரை இடம் இருக்கிறது, அதுகளுக்கு விநாடிக்கு 20 தடவை முயற்சி நடக்கிறது, ஆள் தூரப் போனால் மறைந்துவிடும், மறைந்த இடத்துக்கு வேறு வரும். அதுகள் வற்றவே வற்றாது. அந்த வாசகர் பார்த்தது அநேகமாக இதுகளைத்தான்.

எங்கள் வீட்டுக் கதையில் இன்னொரு சிக்கல். மாடு முழுதும் போன பிறகு பத்துக்குக் குறைந்திருக்கும்தானே, வரத்தானே வேண்டும் என்று நான் கேட்டேன். பேரன் விரலை நீட்டிக் கோழிக்கூட்டைக் காட்டினான். உள்ளே இருபது கோழிக்கு மேல். வேலிக்குள் நாங்கள் அடைத்து வைத்ததும் அந்தப் பத்துக் கணக்கில் சேருமாம். கூட்டில் கோழி நிற்கும்வரை வெளியில் மாடு வராது! அதோடு இவன் வீட்டைச் சுற்றிப் புல்லையெல்லாம் கிண்டி எடுத்துவிட்டு வடிவு என்று கல்லுப் பதித்து வைத்திருக்கிறான், எங்கள் ஒழுங்கையில் முற்றம் முழுதும் சீமெந்துக் கல்லுப் பதிக்கிற ஆட்களைப் போல. மண்ணையும் புல்லையும் மூடினால் பிறகு எது வரும்.

இன்னொன்று சொன்னான், கேட்டுச் சிரிப்பு வந்தது. 2011 செப்டெம்பருக்கு முன்பு, அந்த விளையாட்டு முழுமையாக வெளியிடப்படாமல் சோதனைப் பதிப்பாக இருந்த காலத்தில், மாடும் செம்மறியும்கூடச் சொம்பி மாதிரித்தான், வரும், மறையும், திரும்ப வரும். பீட்டா 1.8 என்கிற பதிப்பில்தான் மாற்றினார்கள். அந்த வருடம் நவம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது புது ஒழுங்குதான். அந்த வாசகர் கடிதத்தை 2011 ஆவணியில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். (இதெல்லாம் கொம்பியூட்டரில் விளையாடுகிற ஜாவா பதிப்பின் கணக்கு. போனில் விளையாடுகிறது வேறு பதிப்பு, அதன் கணக்கும் வேறு. பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து சண்டை பிடிக்க முதல் சொல்லி வைக்கிறேன்.)

பிறகு மாட்டுக்கு என்ன செய்தார்கள்? ஒருவரும் கால் வைக்காத பக்கமாக நடந்தார்கள். போன இடத்திலேயே திரும்பப் போனால் பழைய துண்டுதான், புது மந்தை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, அங்கே சனி இரவு ஒன்பது, இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய், ஒரு மேட்டில் நாலு மாட்டைக் கண்டார்கள். கையில் கோதுமைக் கதிரைப் பிடித்தால் மாடு பின்னால் வரும், ஓடினால் நின்றுவிடும், ஆகவே மெதுவாக நடக்க வேண்டும். குழையை நீட்டிக்கொண்டு ஆட்டைக் கொட்டிலுக்குக் கொண்டுவருகிற மாதிரியேதான், நான் பக்கத்தில் இருந்து "மெல்லப் போடா, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடையில் ஒரு பெரிய ஆறு. மாட்டைச் சின்ன வள்ளத்தில் ஏற்றி ஒருவன் தண்டு வலிக்க, மற்றவன் பின்னால் இன்னொரு மாட்டோடு. இரண்டுதான் வீடு வந்து சேர்ந்தது. ஒன்று வழியில் பள்ளத்தில் விழுந்துவிட்டது, மற்றது எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த இரண்டுக்கும் கோதுமை கொடுத்து, கன்று வந்து, இப்போது பட்டியில் பதினெட்டு. கனடாப் பெடியன் ஒரு சட்டம் போட்டிருக்கிறான், ஆறுக்குக் கீழே குறைந்தால் ஒருவரும் கத்தி எடுக்கக் கூடாதாம். வெட்டினவனே சட்டம் போடுகிறான், நாட்டிலும் அப்படித்தானே.

செம்மறியில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. செம்மறியைக் கொன்றால் ஒரு கட்டி கம்பளி. கத்தரிக்கோலால் வெட்டினால் ஒன்றில் இருந்து மூன்று வரை, அது திரும்பப் புல்லு மேய்ந்தால் மயிர் திரும்ப முளைக்கும், திரும்ப வெட்டலாம். ஒரு கட்டில் செய்ய மூன்று கட்டி கம்பளி வேண்டும். மூன்று செம்மறியைக் கொன்று ஒரு கட்டில் செய்கிறவனும் இருக்கிறான், ஒன்றை வைத்து நாலு கட்டில் செய்கிறவனும் இருக்கிறான். இதை ஒருவரும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கம்பளி முடிந்த அன்றைக்கு அவனாகவே கண்டுபிடித்தான்.

எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆடு மாடு வளர்க்கிறவனாக எனக்குப் பிடிக்காத சங்கதி நிறைய இருக்கிறது. மாட்டில் நாம்பனும் இல்லை நாகும் இல்லை, எந்த இரண்டுக்கும் தீன் கொடுத்தாலும் கன்று வரும். வாளியைக் கொண்டுபோனால் எந்தப் பெரிய மாடும் எந்த நேரமும் பால் தரும், கன்று போட்டிருக்கவே தேவையில்லை. கன்று 20 நிமிடத்தில் மாடாகிறது, ஐந்து நிமிடத்தில் தாய் அடுத்ததற்குத் தயார். என்னுடைய மறி ஆடு ஐந்து மாதம் சினையாக நிற்கும், பசு ஒன்பது மாதமும் சொச்சமும், அதற்குள் மாரி வரும், குழை தேடிச் சைக்கிளில் ஊரெல்லாம் சுற்ற வேண்டும், கன்று போடுகிற அன்று இரவு முழுதும் லைற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டில் வாசலில் நிற்க வேண்டும். போன வருடம் என் ஆடு ஒன்று இரட்டைக் குட்டி போட்டு ஒன்று தங்கவில்லை. அதைப் பேரன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் போனான். அந்த வாசகர் விளையாட்டைக் குறை சொல்வதென்றால் இந்த இருபது நிமிடத்தைப் பிடித்திருக்க வேண்டும், முளைக்கிற கதையை அல்ல.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு இன்னும் கெதியாக விளங்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்வார்கள். சுற்றிவரக் கடல், புதுக் குதிரை ஒன்று நீந்தி வரப்போவதில்லை. நிற்கிறது போட்டால்தான் குட்டி. வரட்சியில் தண்ணீர் இல்லாமல் செத்தால் அந்தத் தொகை குறைந்ததுதான். இதே கடலில் மீனுக்கும் இதுதான் கணக்கு, இழுவை மடியை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், அதைப்பற்றி நாலு வரி எழுத ஆசைதான், எழுதினால் நீங்கள் இடம் இல்லை என்று கடிதத்தைப் பாதியில் வெட்டிவிடுவீர்கள்.

கடைசியாக நாயின் கதை. இது மாட்டுக்கு முதல் நடந்தது. காட்டில் ஓநாய்க்கு எலும்பு போட்டுப் போட்டுப் பழக்கினால் அது நாயாகிவிடும், கழுத்தில் பட்டி வரும், கூடவே வரும், இருக்கச் சொன்னால் இருக்கும். பேரன் ஒன்றைப் பழக்கிப் பெயரும் வைத்திருந்தான். ஒருநாள் குகைக்குள் எரிமலைக் குழம்பில் இரண்டு பேரும் விழுந்தார்கள். பேரன் செத்து, அடுத்த நிமிடம் வீட்டுக் கட்டிலில் எழும்பினான், சாமான் எல்லாம் போய்விட்டது, ஆள் இருக்கிறான். நாய் எழும்பவில்லை. திரையின் மூலையில் அந்தப் பெயரைப் போட்டு, அது எரிந்து செத்தது என்று ஒரு வரி மட்டும் வந்தது. மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் இரவுச் சாப்பாட்டுக்கு எழும்பவே இல்லை, மகள் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேறு நாய் பழக்கலாம்தானே என்று நான் கேட்டேன். பழக்கலாம், ஆனால் அது இது இல்லை என்றான். இன்றுவரைக்கும் வேறு நாய் பழக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் போடுவதென்றால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் போடுங்கள், பேரன் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்ப வேண்டுமாம். மாட்டை வெட்டினது ஆர் என்று தெளிவாகப் போடச் சொல்கிறான். நாயின் பெயரை மட்டும் எழுத வேண்டாமாம், அதனால்தான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒரு அம்மப்பா,
இணுவில்.