அந்த வயரு கொடுத்த அண்ணாச்சிக்கும் மத்தவங்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்வால்பார்டுல இருந்து திரும்பி மூணு வாரம் ஆகப்போகுது, ராத்திரி தூக்கம் இப்பதான் ஒழுங்கா வருது, அதான் இந்த மடல் இவ்ளோ லேட்டு. ஜாக்கெட் கடன் கொடுத்தவங்க, ஜிபேல அம்பது நூறுன்னு போட்டுவிட்டவங்க, விசா பேப்பரை நாலு தடவை திருத்திக் கொடுத்த சீனியர்ஸ்னு ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போட ஆரம்பிச்சேன், பாதியிலயே கை ஓஞ்சுபோச்சு. பொதுவுலயே சொல்லிடுறேன், கோச்சுக்காதீங்க.

எங்க போனேன்னு இன்னும் கேக்குறவங்களுக்கு: நார்வேக்கு மேல ஸ்வால்பார்டு தீவுகள்ல நி-ஓலசுண்ட்னு ஒரு குட்டி ஊரு, வட துருவம் அங்கேர்ந்து 1200 கிலோமீட்டர் சொச்சம்தான். முன்னாடி நிலக்கரி சுரங்கம் இருந்த ஊரு, 1962ல நடந்த விபத்துல 21 பேர் செத்துப்போனாங்க, அதுக்கப்புறம் சுரங்கத்தை மூடிட்டாங்க, இப்ப பல நாட்டுக்காரங்க ஆராய்ச்சி பண்ற இடம். நம்ம இந்தியாவோட ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரியும் 2008ல இருந்து அங்க இருக்கு. கோடைக்குப் போன ஒரு டீம் என்னையும் சேத்துக்கிட்டாங்க, அவங்க வேலையை வீடியோ எடுக்குறதுதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

முதல் நன்றி எங்க தெருவுல கல்யாண வீடியோ எடுக்குற அண்ணாச்சிக்கு. இருந்த காசெல்லாம் போட்டு ஒரு வயர்லெஸ் மைக் வாங்கிட்டு பந்தாவா அவர்கிட்ட போய் காட்டினேன். பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, உள்ள போய் ஒரு பழைய காலர் மைக்கும் சுருட்டி வச்ச நீள வயரும் எடுத்துட்டு வந்து, "இது ஒண்ணு கிடக்கட்டும்லே, எதுக்கும்"னு பைக்குள்ள திணிச்சாரு. அங்க போய் இறங்குனா வைஃபை, ப்ளூடூத் எதுவும் போடக்கூடாதாம், ஃபோன் எப்பவும் ஃப்ளைட் மோடுதான், சுத்தி 20 கிலோமீட்டருக்கு இதான் ரூல். ஏன்னா அங்க பெரிய பெரிய டிஷ் ஆன்டெனா வச்சு எங்கயோ கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்குற குவேசார்ல (ரொம்பப் பிரகாசமான கேலக்ஸி மையம்) இருந்து வர்ற மெல்லிசு சிக்னலைக் கேட்டு பூமி எவ்ளோ நகருது, எப்படி சுத்துதுன்னு அளக்குறாங்க, நம்ம மைக்கெல்லாம் அதுக்கு நடுவுல கத்துன மாதிரி ஆயிடும். என் புது மைக் பெட்டியை விட்டே வெளிய வரல. எடுத்த பேட்டி அத்தனையும் அண்ணாச்சி வயருலதான்.

அடுத்து டீம் லீட் மேடம். 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அந்தக் கடுப்புல, ஆர்க்டிக் உருகுறதாலதான் தாமிரபரணியில வெள்ளம் வந்துச்சுன்னு ஸ்கிரிப்ட்ல முதல் வரியே எழுதி வச்சிருந்தேன். மேடம் படிச்சுட்டு பேனாவால ஒரே கோடு. இங்க ஐஸ் குறையுறதுக்கும் நம்ம மழைக்கும் என்ன தொடர்புன்னு தேடிட்டுதான் இருக்கோம், அதுக்குதான் 2014ல இந்த ஊரை ஒட்டுன ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவுல நீளமா உள்ள புகுந்த கடல்) தண்ணிக்குள்ள கருவி இறக்கி வருஷம் பூரா வெப்பமும் உப்பும் அளக்குறோம், ஆனா ஒரு வெள்ளத்தைக் காட்டி இதான் காரணம்னு அடிச்சு சொல்ற அளவுக்கு எங்ககிட்ட ஆதாரம் இல்லப்பா, அப்படின்னாங்க. அன்னைக்கு ராத்திரி செம கோவம் எனக்கு (ராத்திரின்னு பேருதான், வெயில் அடிச்சுட்டே இருக்கும்). இப்ப நினைச்சா, அந்தக் கோடு மட்டும் விழலன்னா என் படம் வாட்ஸப் ஃபார்வர்டு மாதிரிதான் இருந்திருக்கும். தேங்க்ஸ் மேடம்.

அப்புறம் நம்ம சேட்டன். ஊர் எல்லையைத் தாண்டுனா பனிக்கரடிக்குப் பயந்து ரைஃபிள் இல்லாம போக முடியாது, அதுக்கு ட்ரெய்னிங் எடுத்தவர் எங்க டீம்ல இவருதான், அவரும் பிஎச்டி பண்றவரு, அவருக்கும் சாம்பிள் வேலை தலைக்கு மேல கிடந்துச்சு. ஒரு நாள் பனியாறு மேல ஏறுனோம். போன வருஷம் துளை போட்டு நட்டு வச்ச கம்பு எவ்ளோ வெளிய தெரியுதுன்னு டேப் வச்சு அளக்கணும், அதுலதான் எவ்ளோ ஐஸ் போச்சுன்னு கணக்கு. முழங்கால் உயரத்துக்கு விட்டுட்டு வந்த கம்பாம், இப்ப என் நெஞ்சு வரைக்கும் நிக்குது. நான் கம்பையும் டேப்பையும் அதைப் புடிச்சிருந்த விரலையும் மாத்தி மாத்தி எடுத்துட்டே இருந்தேன், கை மரத்துப்போச்சு, பேட்டரி குளிர்ல செத்துச்சு, இன்னொண்ணைப் பனியனுக்குள்ள வச்சு சூடு பண்ணிப் போட்டேன். அவ்ளோ நேரமும் சேட்டன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு மலையையே பாத்துட்டு இருந்தாரு. தூரத்துல ஒரு வெள்ளைப் பாறையை மட்டும் பத்து நிமிஷம் பைனாகுலர்ல பாத்தாரு, பாறைதான். ஊருக்கு வந்து எடிட்டிங்ல உக்காந்தா, 40 மணி நேர ஃபுட்டேஜ்ல அவர் முகம் ஒரு ஷாட்ல கூட இல்ல, முதுகும் துப்பாக்கி வாரும்தான். எல்லாரையும் பேட்டி எடுத்த எனக்கு இவரை எடுக்கணும்னு தோணவே இல்ல பாருங்க. சேட்டா, மன்னிச்சிருங்க. டைட்டில் கார்டுல உங்க பேருதான் முதல்ல வருது.

கேமராவை குளிர்லேர்ந்து உள்ள கொண்டு வர்றப்ப லென்ஸ்ல ஆவி படியாம இருக்க ஜிப் கவர்ல போட்டு மூடச் சொல்லிக் குடுத்த, மெஸ்ல வேலை பாத்த நார்வே அக்காவுக்கும், லேன் கேபிள் கடன் கொடுத்த பக்கத்து ஸ்டேஷன் கொரியா தம்பிக்கும் (அது இல்லன்னா அம்மாகிட்ட பேசியே இருக்க முடியாது), தலையில கொத்துற ஆர்க்டிக் ஆலாப் பறவைகிட்ட இருந்து தப்பிக்க குச்சியைத் தலைக்கு மேல தூக்கிட்டு நடன்னு சொன்ன புண்ணியவானுக்கும் நன்றி.

அண்ணாச்சி, உங்க வயரு பத்திரமா இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன். ஒரு முனையில லேசா பிரிஞ்சிருக்கு, இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருக்கேன், கடையில ஆள் இருக்கும்போது மட்டும் திட்டிராதீங்க.