கருப்புப் பாண்டத்துக்கு ஒரு மூடு சூளை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

புதுச்சேரி வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர்கள் மாறி மாறிப் பயன்படுத்த ஒரு பொதுச் சூளை கட்டுகிறோம். புவிசார் குறியீடு பெற்ற நம் சுடுமண் வேலை சிவப்பு. அதற்கு வைக்கோல் பரப்பி மண் மெழுகும் சூளையே போதும். கருப்புக்கு அது ஆகாது.

பலரும் நினைப்பதுபோல் கருப்பு ஒரு பூச்சு இல்லை. களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றோடு வெந்தால் சிவக்கும். சூடு 800 டிகிரியை எட்டியதும் தீவாயில் (விறகு போடும் வாயில்) ஈர உமியைக் கொட்டிக் காற்றை அடைத்தால், அதே இரும்பு ஆக்சிஜனை இழந்து கருக்கும். கரியும் நுண்துளைகளில் ஏறிவிடும். மெழுகிய மண்ணில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், அதற்கு நேரே பானையில் சிவப்புத் திட்டு. சூளை ஆறும் முன் பிரித்தாலும் ஏறிய கரி எரிந்து நிறம் போய்விடும். மறுநாள்வரை கைவைக்கக் கூடாது. மினுமினுப்பு வேறு சங்கதி: பாதி காய்ந்த பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்தால்தான் வரும், சூடு மிஞ்சினால் மங்கும்.

அரிக்கமேட்டில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. இன்று பேர்பெற்றது உத்தரப் பிரதேசத்து நிஜாமாபாத் பாண்டம். 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கீறிய கோடுகளில் பாதரசக் கலவை தேய்த்து வெள்ளி நிறம் ஏற்றுவார்கள். அதை நாங்கள் தொடப்போவதில்லை. இங்கே சுடப்போவது சமையல் சட்டிகள்.

சூளையின் உள்விட்டம் 4 அடி, உயரம் 4 அடி, சுவர் 9 அங்குலம். இரண்டு தீவாய், ஒவ்வொன்றுக்கும் இறுக மூடும் இரும்புக் கதவு. செலவில் கைவைக்கக் கூடாத இடம் இந்தக் கதவுதான். அடித்தளம், தீவாய் சேர்த்து ஏறத்தாழ 1,000 செங்கல் பிடிக்கும். சிமெண்ட் கிடையாது, சூட்டில் பொடிந்துவிடும். களிமண்ணும் மணலும் குழைத்த சாந்துதான்.

செங்கல், கதவு, தகரக் கொட்டகை, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து எங்கள் மதிப்பீடு ₹85,000. ₹1,000 கொடுத்தால் ஏறத்தாழ 100 செங்கல் ஆகும். எந்தத் தொகைக்கும் ரசீது உண்டு. ஐப்பசி மழைக்குள் சுவர் காய்ந்தாக வேண்டும்; ஈரச் சூளையில் தீ வைத்தால் முதல் சூட்டிலேயே வெடிக்கும். ஆகையால் ஆவணிக்குள் தந்தால் நல்லது.

பணமாக முடியாதவர்கள் உமி மூட்டையோ பழைய செங்கல்லோ தரலாம். கல்லில் ஒட்டிய சிமெண்டைத் தட்டி எடுத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பொதுச் சூளைக் குழுவினர்